தேநீர் வேளை: இலங்கையிலும் இந்தியாவிலும்

வேலைக்கு நடுவே சற்று நிறுத்தித் தேநீர் குடிப்பது, இலங்கையிலும் இந்தியாவிலும் அன்றாட இளைப்பாறலின் மிக எளிய வழி. இதற்குப் பயிற்சி வேண்டாம், பெரிய செலவும் இல்லை. கொதிக்கும் பானத்தை ஒரே மடக்கில் விழுங்க முடியாததால், குடிப்பவரின் வேகம் தானாகவே குறைகிறது. தேயிலையில் உள்ள கஃபீன் சோர்வை நீக்குகிறது. தியனைன் என்ற அமினோ அமிலம் அந்தத் தூண்டல் படபடப்பாகிவிடாமல் தணிப்பதாகக் கருதப்படுகிறது. பழக்கம் ஒன்றே ஆனாலும் அது நடக்கும் விதம் இரு நாடுகளிலும் வேறு. அந்த வேறுபாடு தேயிலையைப் பதப்படுத்தும் முறையிலேயே தொடங்குகிறது.

இலங்கையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் வணிக அளவில் தேயிலை பயிரிட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் இலைத்துரு நோய் கோப்பித் தோட்டங்களை அழிக்க, மலையகம் தேயிலைக்கு மாறியது. அங்கு இன்றும் பெரும்பகுதி, இலையை வாட்டி உருட்டும் பழைய முறையிலேயே பதமாகிறது. இத்தூள் வெந்நீரில் மெல்லச் சாயம் இறங்கி, பால் இல்லாமலே மணக்கும். இந்தியாவில் 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. முறை பரவியது. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இம்முறையில் கிடைக்கும் குருணைத் தூள் விரைவில் கடும் சாயம் விடும், பாலைத் தாங்கும். இலங்கைத் தேயிலையில் மிகப் பெரும் பங்கு ஏற்றுமதியாகிறது. இந்தியா விளைவிப்பதில் பெரும்பகுதியைத் தானே குடித்துவிடுகிறது.

தூள் பால் இல்லாமலே மணப்பதால் இலங்கை வீடுகளில் முதன்மையானது பிளேன்டீ எனப்படும் வெறுந்தேத்தண்ணி. தோட்டப்புறத்தில் அதுவே சாயத்தண்ணி. பலர் இதில் சீனி கலப்பதில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று மாறி மாறிக் குடிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சீனியின் இடத்தில் பனங்கட்டித் துண்டு. தெற்கில் கித்துள் கருப்பட்டி. கட்டியை முன்பல்லால் சிறிது கடித்து, அது நாவில் கரையும்போது சாயத்தை உறிஞ்ச வேண்டும். இனிப்பு தீருமுன் தேநீர் தீராதபடி அளந்து குடிப்பதால் அவசரத்துக்கு இடமில்லை. ஒரு கை குவளையையும் மறுகை கட்டியையும் பிடித்திருக்க, வேறு வேலையும் ஓடாது. பால் தேத்தண்ணிக்குப் பெரும்பாலும் பால்மாவே பயன்படுகிறது. கடைகளில் மேசையில் அமர்ந்ததும் ரோல்ஸ், வடை, பணிஸ் அடுக்கிய தட்டு வரும். எழும்போது தின்றதற்கு மட்டும் கணக்கு. அந்த ஏற்பாடே உட்கார்ந்து பேச அழைக்கிறது.

தமிழ்நாட்டில் இளைப்பாறல் தெருவுக்கு வருகிறது. டீக்கடையில் துணி வடிகட்டியில் இறங்கிய டிக்காஷனும் சூடான பாலும் சர்க்கரையும் கிளாசில் சேரும். மாஸ்டர் அதைக் கைநீளத்துக்கு ஆற்றி நுரை பொங்கத் தருவார். "ஸ்ட்ராங்கா, லைட்டா, சர்க்கரை கம்மியா" என்ற கேள்விகளுக்குள் வாடிக்கையாளரின் பழக்கம் கடைக்குத் தெரிந்துவிடும். நின்றபடி ஐந்து நிமிடத்தில் கிளாஸ் காலியாகும். பேச்சு மட்டும் நீளும். நாளிதழின் தாள்கள் பிரிந்து பெஞ்சில் கைமாறும். முன்பின் அறியாதவர்கள் அரசியலும் மழையும் பேசுவார்கள். வட இந்தியாவில் பால், தண்ணீர், சர்க்கரை, இஞ்சி எல்லாம் தூளோடு சேர்ந்தே கொதிக்கும். மும்பையில் பாதி அளவான 'கட்டிங்' இடைவேளையையே சிறுசிறு துண்டுகளாக்கிவிடுகிறது.

ஆக, இலங்கை முறையில் அமைதி குடிக்கும் விதத்திலிருந்து வருகிறது. தனியாக இருந்தாலும் அது கிடைக்கும். தமிழ்நாட்டில் அது கூட்டத்திலிருந்து வருகிறது. மனச்சுமை பேச்சில் இறங்குகிறது. கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே குடிப்பவருக்கு இரண்டும் கைகூடுவதில்லை. தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதைக் குறைப்பதால், சாப்பாட்டோடு குடிக்காமல் சற்று இடைவெளி விடுவது நல்லது. இரவில் குடித்தால் தூக்கம் கெடக்கூடும் என்பதால், இரு நாட்டு வழக்கங்களுக்கும் ஏற்ற நேரம் முற்பகலும் மாலையின் தொடக்கமுமே.