அடுக்கின் ஆயுள்

தயிர், பழம், கிரானோலா. அதன்மேல் மறுபடியும் தயிர், பழம், கிரானோலா. உயரமான கண்ணாடித் தம்ளரில் ஆறு அடுக்கு ஏறியதும் அதற்கு யோகர்ட் பார்ஃபே என்று பெயர் வந்துவிடுகிறது. அடுப்பு வேண்டாம், ஐந்து நிமிடம் போதும், உடம்புக்கு நல்லது, ராத்திரியே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம் என்று இதற்குச் சொல்லும் பெருமைகள் நான்கு. போன மாம்பழப் பருவம் முழுக்க வாரத்தில் மூன்று நாளாவது இதைச் செய்து சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நான்கில் ஒன்று பொய், ஒன்று அரைப்பொய், மற்ற இரண்டும் செய்கிற கையைப் பொறுத்தவை.

'பார்ஃபே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குக் குறையே இல்லாதது என்று பொருள். பிரான்சில் அது முட்டை மஞ்சள்கரு, சர்க்கரைப் பாகு, க்ரீம் சேர்த்து உறையவைக்கிற இனிப்பு. அமெரிக்காவுக்குப் போன பிறகு, உயரத் தம்ளரில் ஐஸ்கிரீமையும் பழப்பாகையும் அடுக்கிக் கொடுப்பதற்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஐஸ்கிரீம் இருந்த இடத்தில் தயிரை வைத்ததும் அது காலைச் சிற்றுண்டியாகிவிட்டது. பெயரும் தம்ளரும் மட்டும் இனிப்புக் காலத்தவை.

முதலில் அந்த அரைப்பொய். அடுப்பு வேண்டாமாம். பால் காய்ச்சாமல் தயிர் ஏது? கிரானோலா என்பது ஓட்ஸையும் கொட்டைகளையும் எண்ணெய், தேனோடு பிசறி அவனில் மொறுமொறுப்பாக வாட்டி எடுப்பது. 1863இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் காலேப் ஜாக்சன் என்ற மருத்துவர் செய்த அதன் மூதாதையான 'கிரானுலா', கோதுமை மாவை ஒருமுறை சுட்டு, உடைத்து, இன்னொரு முறை சுட்டெடுத்த கல். ராத்திரி ஊறவைக்காமல் பல் பதியாது. ஆகவே அடுப்பு எரிந்திருக்கிறது, நம் வீட்டில் எரியவில்லை, அவ்வளவுதான். இதைப் பெரிய குற்றமாக நான் சொல்லவில்லை. பழைய சோற்றுக்கும் காலையில் அடுப்பு வேண்டாம்தானே.

பொய் என்று நான் சொன்னது ராத்திரியே செய்து வைக்கலாம் என்பதை. அதற்கு முன் ஒரு கேள்வி: ஏன் அடுக்க வேண்டும்? எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் கலக்கினால் என்ன? கலக்கினால் ஒவ்வொரு வாயும் ஒரே மாதிரி இருக்கும். அடுக்கினால் கரண்டி மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு போகும். ஒரே வாயில் தயிரின் குளிர்ச்சி, பழத்தின் சாறு, தானியத்தின் நொறுங்கல் மூன்றும் தனித்தனியாக வந்து விழும். இந்த உணவின் சுவை நியாயம் முழுக்க இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. வேறுபாடு போய்விட்டால் மிஞ்சுவது தம்ளரின் அழகு மட்டுமே.

ஒருநாள் மூன்று தம்ளர் ஒரே மாதிரி அடுக்கிப் பார்த்தேன். ஒன்றை உடனே சாப்பிட்டேன். கரண்டி இறங்கும்போது சத்தம் கேட்டது. இருபது நிமிடம் கழித்து எடுத்த இரண்டாவதில் மேலடுக்கு மட்டும் நொறுங்கியது. உள்ளே புதைந்திருந்த அடுக்கு மெல்ல வேண்டிய நிலைக்கு வந்திருந்தது. ஃப்ரிட்ஜில் ராத்திரி முழுக்க இருந்த மூன்றாவதில் மாம்பழத்திலிருந்து கசிந்த மஞ்சள் நீர் கண்ணாடியை ஒட்டி வரிவரியாக இறங்கியிருந்தது. கிரானோலா, டீயில் விழுந்து ஐந்து நிமிடம் கழித்து மீட்ட ரஸ்க் போல ஆகிவிட்டது. காரணம் எளிது. ஈரமான இடத்திலிருந்து உலர்ந்த இடத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், இரண்டும் சமமாகும்வரை. கிரானோலாவில் பூசிய எண்ணெய் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். நடுவே ஊற்றுகிற தேனோ எதிர்வேலை செய்து பழத்தின் சாற்றை வெளியே இழுக்கும்.

இந்த விதியைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜூரிக்கில் இருந்த மருத்துவர் பிர்ஷெர்-பென்னர். 1900ஐ ஒட்டி அவர் தம் நோயாளிகளுக்குக் கொடுத்த மூஸ்லியில் தோலோடு துருவிய ஆப்பிள்தான் முக்கியம். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸைத் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் இனிப்பு சேர்த்த கண்டென்ஸ்டு மில்க்கும் கலந்து, மேலே கொட்டைப்பருப்பு தூவினார். அவர் ஊறுவதற்காகவே செய்தார். அதனால் அடுக்கவில்லை, கலக்கினார். ராத்திரியே செய்து வைக்க வேண்டும் என்கிறவர்கள் செய்ய வேண்டியது அதைத்தான்.

எதிர்முனையில் பழனிப் பஞ்சாமிர்தம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அதுவும் அடுப்பில் வைக்காத, பழமும் பாலின் வழி வந்த நெய்யும் சேர்ந்த பண்டம்தான். வாழைப்பழமும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, துளித் தண்ணீர் சேர்க்காமல், சர்க்கரையின் பலத்திலேயே நாள்கணக்கில் நிற்கிறது. அங்கேயும் அடுக்கு இல்லை. நாள்பட வைக்கிற எதையும் அடுக்கிப் பயனில்லை என்பது ஜூரிக்கிலும் பழனியிலும் ஒன்றுதான்.

ஐந்து நிமிடம் என்ற கணக்கு தயிரில் வந்து இடறும். பாக்கெட் தயிரை அப்படியே ஊற்றினால் இரண்டாம் அடுக்கு முதல் அடுக்குக்குள் மூழ்கிவிடும். மல் துணியில் கட்டி, ஒரு வடிகட்டியில் வைத்து, அடியில் பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் விட வேண்டும். 500 கிராம் தயிர் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கும், கரண்டி நட்டால் நிற்கும். அடியில் சேரும் இளம்பச்சை நீரைக் கொட்ட வேண்டாம், சப்பாத்தி மாவு பிசைய அதைவிட நல்லது இல்லை. ஆக, காலையில் ஐந்து நிமிடம்தான், ஆனால் முந்தின ராத்திரி யாராவது நினைவாகத் துணியைக் கட்டியிருக்க வேண்டும். மறந்துவிட்டால் மறுநாள் இந்தச் சிற்றுண்டி இல்லை.

இலங்கைக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. எருமைப் பாலை மண்சட்டியிலேயே உறையவைக்கிறார்கள். பாலில் கொழுப்பு கூடுதல், மிச்ச ஈரத்தைச் சட்டி இழுத்துக்கொள்ளும், சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசையாது. அதன்மேல் கித்துள் பனையின் பாகான கித்துள் பாணியை ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். வெள்ளைமேல் பழுப்பாக இரண்டே அடுக்கு, நடுவே ஊறிப்போக எதுவும் இல்லை. சர்க்கரையை ஒதுக்கிவைத்து வடிவத்தை மட்டும் எடைபோட்டால் ஆறடுக்குத் தம்ளரை இது தோற்கடிக்கிறது.

பழத்துக்கு வருவோம். ஒரு ஹோட்டலின் காலை விருந்தில் அன்னாசி வைத்த பார்ஃபே ஒன்றை எடுத்தேன். பார்க்க அத்தனை அழகு. வாயில் வைத்ததும் கசப்பு. பச்சை அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தை அறுத்துவிடும். அறுபட்ட துண்டுகள் கசக்கும், தயிரும் நீர்த்துப்போகும். பப்பாளியும் கிவியும் அப்படியே. டின் அன்னாசியில் சூடு பட்டு நொதி செத்திருப்பதால் அது தப்பிக்கும். வாழைப்பழம் கசக்காது, ஆனால் தயிரும் அதுவும் ஒரே மென்மை, போதாததற்குக் கறுத்தும் போகும். மாம்பழத்தில், இமாம் பசந்தை இதில் போடுவது பாவம். அதைக் கையில் வைத்துச் சாறு முழங்கையில் வழியத் தின்ன வேண்டும். சதுரமாக நறுக்கினால் நறுக்கியபடி நிற்கிற பங்கனப்பள்ளிதான் இங்கே சரி. எல்லாவற்றையும் மிஞ்சியது மாதுளை. ஒவ்வொரு முத்தும் தன் தோலுக்குள் சாற்றைப் பூட்டி வைத்திருப்பதால், மூன்றாவது தம்ளரில் நான் மாதுளை போட்டிருந்தால் அந்த மஞ்சள் வரிகள் இறங்கியிருக்காது. படங்களில் எப்போதும் ஸ்ட்ராபெரியும் புளூபெரியும்தான். அவை எந்த ஊர் விளைச்சலோ அந்த ஊரார் போட்டுக்கொள்ளட்டும்.

உடம்புக்கு நல்லதா? 150 கிராம் வடித்த தயிரில் எட்டொன்பது கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையைவிட அதிகம். வயிறு தாங்கும். கெடுப்பது தேனும் கிரானோலாவும். ஒரு மேசைக்கரண்டி தேனில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை. கடையில் விற்கும் பல கிரானோலாக்களில் 100 கிராமுக்கு 20 கிராமை ஒட்டிச் சர்க்கரை உண்டு. 40 கிராம் போட்டால் அதில் 8. கூட்டினால் 25. ஒருவருக்கு ஒருநாளைக்கு இதற்குள் நிற்பது இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவே ஏறக்குறைய அதுதான். முழுப் பழத்தின் இனிப்பை அவர்கள் இதில் சேர்ப்பதில்லை, தேனைச் சேர்க்கிறார்கள். தேனை விட்டுவிட்டுக் கிரானோலாவுக்குப் பதில் வெறும் வாணலியில் வாட்டிய மெல்லிய அவலும் வேர்க்கடலையும் போட்டால் கணக்கு நேராகிவிடும். அடுப்பு பற்றவைத்தேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தப் பெருமை ஏற்கெனவே அரைப்பொய்.

பாலும் பழமும் சேரக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதே வீட்டில் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் முதலில் கொடுப்பது பாலும் பழமும். எனக்கு வயிறு எதுவும் சொல்லவில்லை, சொல்கிறவர்கள் தங்கள் வயிற்றைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது தீர்ப்பு. விரைவுச் சிற்றுண்டி, ராத்திரியே செய்து வைக்கும் சிற்றுண்டி என்ற இரண்டு பெயரிலும் பார்ஃபே தேறவில்லை. பஸ்ஸுக்கு ஓடுகிறவர் டப்பாவில் அடைத்துக் கொண்டுபோக இது லாயக்கில்லை. உட்கார்ந்து, செய்த கையோடு சாப்பிடுகிறவருக்குத் தேறுகிறது, அதுவும் மூன்று திருத்தங்களோடு: உயரத் தம்ளருக்குப் பதில் கரண்டி அடிவரை போகிற அகலக் கிண்ணம், ஆறுக்குப் பதில் மூன்றடுக்கு, நொறுங்குவது எதுவானாலும் உச்சியில் மட்டும், கடைசி நிமிடத்தில். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுங்கிவிட்டது. ஆகஸ்டில் பங்கனப்பள்ளி போய்விடும். அப்போது கூடையில் மாதுளை இருந்தால் அது. இல்லாவிட்டால் இட்லி.