நிறுவன அளவும் பெருந்தொற்றுக்காலப் பங்கு விலையும்: ஒரு மறுபரிசீலனை

கொரோனா பெருந்தொற்றின்போது சிறு நிறுவனப் பங்குகளே பெரிதும் வீழ்ந்தன என்பது, 2020ஆம் ஆண்டின் இந்தியப் பங்குச் சந்தை குறித்து எழுதுவோரிடம் பரவலாகக் காணப்படும் கருத்து. இக்கருத்து முற்றிலும் தவறானதன்று. எனினும், வழக்கமான அளவுகோல்கள் அதனை நிறுவப் போதுமானவையல்ல.

முதற்சிக்கல், 'அளவு' என்பதற்கான வரையறை. சந்தை மதிப்பின் வரிசையில் முதல் 100 நிறுவனங்கள் பெரியவை, அடுத்த 150 நடுத்தரமானவை, எஞ்சியவை சிறியவை என்று செபி 2017 அக்டோபரில் வகுத்தது. இது பரஸ்பர நிதிகளுக்கான நிர்வாக ஏற்பாடு. ஆய்வாளர்களோ இதனை அப்படியே கடன்வாங்குகின்றனர். சந்தை மதிப்பு என்பது விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கிவருவது. ஆகவே, விலையை விளக்க விலையையே சான்றாக்குகிறோம். இடர் மிகுந்தது என்று சந்தை கருதும் நிறுவனம் குறைந்த விலை பெற்று, அதனாலேயே 'சிறியது' ஆகிவிடுகிறது. ஜொனாதன் பெர்க் 1995இலேயே இதனைச் சுட்டிக்காட்டினார். சொத்து, விற்பனை, பணியாளர் எண்ணிக்கை ஆகியவற்றால் அளப்பதே தகும்.

இரண்டாவது, கால வரம்பு. 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் 3,934 புள்ளிகள், அதாவது சுமார் 13 விழுக்காடு சரிந்தது. முன்பேர வணிகத்திற்கு உட்பட்ட பெரும் பங்குகளுக்கு நிலையான அன்றாட விலை வரம்பு இல்லை. சிறு பங்குகள் பலவும் 5, 10 அல்லது 20 விழுக்காட்டு வரம்பில் உறைந்துவிடும். எஞ்சிய சரிவு அடுத்த நாள்களுக்குக் கசியும். ஓரிரு நாள் நிகழ்வாய்வு இக்கசிவைக் காணாது. ஆண்டு முழுவதையும் நோக்கினாலோ படம் தலைகீழாகிறது: சென்செக்ஸ் சுமார் 15.7 விழுக்காடும், மும்பைப் பங்குச் சந்தையின் சிறு நிறுவனக் குறியீடு சுமார் 32 விழுக்காடும் உயர்ந்தன. இவ்வுயர்வும் தூய சான்றன்று. சிறு பங்குகள் 2018 ஜனவரியிலிருந்தே இறங்குமுகத்தில் இருந்தவை. மேலும், பன்முகப் பங்கு நிதிகள் மூவகை நிறுவனங்களிலும் குறைந்தது 25 விழுக்காடு முதலிட வேண்டுமென 2020 செப்டம்பர் 11இல் செபி ஆணையிட்டதும் அவற்றின் விலையைத் தூண்டியது. இதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை.

அளவு என்னும் போர்வைக்குள் தொழில்துறையும் ஒளிந்திருக்கிறது. இண்டிகோ விமானங்களை இயக்கும் இன்டர்குளோப் ஏவியேஷன் பெரிய நிறுவனமே. ஆயினும், உள்நாட்டு விமானச் சேவை மே 25 வரை முடங்கியபோது அளவு அதன் வருவாயைக் காக்கவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் சிறு நிறுவனமாக இருந்த லாரஸ் லேப்ஸின் பங்கு, பங்குப் பிரிப்புக்கேற்பச் சரிசெய்து பார்த்தால், அவ்வாண்டிலேயே நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. ஆண்டிறுதி மதிப்பைக்கொண்டு வகைப்படுத்தும் ஆய்வில் இத்தகைய நிறுவனம் சிறியவற்றின் பட்டியலிலிருந்தே நழுவிவிடக்கூடும்; அதன் ஏற்றமும் பெரியவற்றின் கணக்கில் வரவாகும்.