ஃபிரான்ஸ் ஹுக்கின் இருவகைக் கோல்கீப்பர்கள்

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே, ஏரிக்கரையில் ஃபோலன்டாம் என்று ஒரு மீன்பிடி ஊர். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கும் நெதர்லாந்து தேசிய அணிக்கும் ஒரே ஆரஞ்சு நிறச் சட்டை. ஒற்றுமை அதோடு சரி. ஃபோலன்டாம் முதல் டிவிஷனுக்கு ஏறும், சறுக்கும், மறுபடி ஏறும். 1970களிலிருந்து 1985 வரை அதன் கோலைக் காத்தவர் ஃபிரான்ஸ் ஹுக். தேசிய அணிக்கு ஆடியதில்லை. ஆட்டக்காரராக மட்டும் ஓய்ந்திருந்தால் ஃபோலன்டாமைத் தாண்டி அவரை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் மென்சோ, வான் டெர் சார், டே கெயா, குருல், நோப்பர்ட் என்று நாற்பது ஆண்டுக் கோல்கீப்பர் வரலாற்றில் எந்த இழையைப் பிடித்து இழுத்தாலும் அதன் மறுமுனையில் இந்த மனிதர் நிற்கிறார்.

1985இல் யோகன் கிரைஃப் அயாக்ஸ் அணியின் பொறுப்பை ஏற்றார். கோல்கீப்பர் பயிற்சிக்கென்றே தனியாக ஓர் ஆள் என்பது அன்று பெரும்பாலான அணிகளுக்குப் பழக்கமில்லாத ஏற்பாடு. துணைப் பயிற்சியாளர் யாராவது ஓரமாக நின்று இருபது பந்து அடித்துவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது. கிரைஃபுக்கு அது போதவில்லை. அவருடைய தற்காப்பு வரிசை கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏறி நிற்கும். அதற்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெட்டவெளி. அந்த வெளியைக் காக்கக் கோல்கீப்பர் பதினோராவது கள வீரராக மாறியாக வேண்டும். டச்சுக்காரர்களுக்கு இது புதிதுமல்ல. 1974 உலகக் கோப்பையில் யான் யோங்பிளுட் என்ற 33 வயதுக்காரரை, அதுவும் 8ஆம் எண் சட்டையோடு, கோலில் நிறுத்தியவர்கள் அவர்கள். யோங்பிளுட் ஆம்ஸ்டர்டாமில் சுருட்டுக் கடை வைத்திருந்தவர். அவரைவிடத் துல்லியமாகப் பந்தைப் பிடிப்பவர்கள் நாட்டில் இருந்தார்கள். ஆனால் பெட்டியை விட்டு வெளியே ஓடிவந்து காலால் ஆட அவர்தான் சரியாக இருந்தார். 1974இல் ஒரு தேர்வாளரின் துணிச்சலாக இருந்ததை, பயிற்சி அட்டவணையாக மாற்றும் வேலை ஹுக் கைக்கு வந்தது.

அந்த அட்டவணைக்கு அடிப்படையாக அவர் வகுத்த பிரிவினை எளிமையானது. ஒருவகைக் கோல்கீப்பர் எதிர்வினை வகை: கோல் கோட்டை ஒட்டி நிற்பார், உடல் வெடிக்கும், அனிச்சை மின்னும், அருகிலிருந்து வரும் அடியைத் தடுப்பதில் மன்னர். இன்னொருவர் முன்கணிப்பு வகை: கோட்டைவிட்டு முன்னே நிற்பார், பாஸ் கிளம்பும் முன்பே அதன் பாதையைப் படிப்பார், அடி விழாமலே ஆபத்தை முடித்துவிடுவார், காலும் சுத்தமாக இருக்கும். ஆலிவர் கான் முதல் வகை, வான் டெர் சார் இரண்டாம் வகை என்றால் நம் வாசகர்களுக்கு உடனே பிடிபடும். இவர்களில் யார் மேல் என்று ஹுக் கேட்பதில்லை. உன் அணி எங்கே நின்று தற்காக்கிறது, அதற்கு எந்த வகை பொருந்தும் என்றுதான் கேட்பார். ஆழமாகப் பதுங்கும் அணிக்கு வான் டெர் சாரைக் கொடுத்தால் பாதி வீண். அயாக்ஸுக்குக் கானைக் கொடுத்தாலும் அப்படியே. சுழலும் ஆடுகளத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளரை உட்காரவைத்தால் கிரிக்கெட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கோல்கீப்பரை உட்காரவைத்தால் மட்டும் அது அவமானம் என்று கால்பந்து உலகம் நினைக்கிறது. ஹுக்கின் பயிற்சி வாழ்க்கை முழுவதும் இந்த நினைப்போடு நடந்த மல்யுத்தம் என்றே நான் படிக்கிறேன்.

முதல் உதாரணம் சுரினாமில் பிறந்த ஸ்டான்லி மென்சோ. பின்னோக்கிய பாஸைக் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி 1992இல்தான் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மென்சோ பெட்டிக்கு வெளியே வந்து காலால் பந்தைப் பரிமாறிக்கொண்டிருந்தார். 1987இல் ஏதென்ஸில் லைப்சிக்கை 1-0 என்று வென்று அயாக்ஸ் கோப்பை வென்றோர் கோப்பையைத் தூக்கியபோது கோலில் அவர்தான். ஆனால் 1993 மார்ச்சில் ஃபிரான்ஸின் ஓசேர் அணியிடம் 4-2 என்று தோற்ற ஆட்டத்தில் அவர் கை நழுவ, அடுத்து அப்போதைய பயிற்சியாளர் லூயி வான் கால் இருபத்திரண்டு வயது எட்வின் வான் டெர் சாரை இறக்கினார். 1990 முதல் ஹுக்கின் கண் பார்வையில் வளர்ந்த ஆள் அவர். இரண்டு ஆண்டு கழித்து வியன்னாவில் மிலானை 1-0 என்று வென்று அயாக்ஸ் ஐரோப்பிய சாம்பியன் ஆனது.

வான் டெர் சாரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் பாய்ந்து தடுத்த காட்சிகள் குறைவு. பாய வேண்டிய நிலைமையே பெரும்பாலும் வராது. இதுதான் கோல்கீப்பர் பயிற்சியாளர் தொழிலின் தலைவலியும்கூட: வேலை நன்றாக நடந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

பார்சிலோனா, போலந்து என்று ஹுக் சுற்றிய இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். வான் காலுடன் போன பயர்ன் மியூனிக்கில் மட்டும் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் அவருடைய கோட்பாடு அங்கேதான் மூக்குடைபட்டது. 2009-10இல் ஹான்ஸ்-யோர்க் புட் கோலில் நின்று அணி சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனது. அடுத்த சீசனின் நடுவில், 2011 ஜனவரியில், 36 வயது புட்டை உட்காரவைத்து 22 வயது தாமஸ் கிராஃப்டை வான் கால் இறக்கினார். கிளப் தலைமைக்கு அது கசந்தது. ஏப்ரலில் நியூரம்பெர்க்குடன் 1-1. சமன் கோலுக்கு வழிவிட்டது கிராஃப்டின் பிழை. மறுநாளே வான் கால் வேலை போனது, புட் திரும்பக் கோலுக்கு வந்தார், கோடையில் மானுவெல் நாயர் வந்து சேர்ந்தார். வேடிக்கை என்னவென்றால், வான் காலும் ஹுக்கும் கனவு கண்ட முன்கணிப்பு வகைக் கோல்கீப்பரின் உச்சம் அந்த நாயர்தான். கருத்து சரி, ஆள் தேர்வு தப்பு.

இப்போது பிரேசிலுக்கு வருவோம். வான் கால் நெதர்லாந்து தேசிய அணியின் பயிற்சியாளர், ஹுக் அவருடைய கோல்கீப்பர் பயிற்சியாளர். 2014 ஜூலை 5, சால்வடார், உலகக் கோப்பை காலிறுதி. நெதர்லாந்து, கோஸ்டாரிகா, 0-0. கூடுதல் நேரம் முடிய நொடிகள் இருக்கையில் யாஸ்பர் சிலசன் வெளியே, டிம் குருல் உள்ளே. குருல் ஐந்து அடிகளுக்கும் சரியான பக்கம் பாய்ந்தார். பிரையன் ருயிஸ், மைக்கேல் உமான்யா இருவரையும் தடுத்தார். 4-3.

அன்று இரவு எல்லாப் பெருமையும் வான் காலின் துணிச்சலுக்குப் போனது. அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை, ஆனால் அந்த மாற்றத்தின் உள்ளே இருந்த வேலையைப் பாருங்கள். குருல் உயரம், கை நீளம். சிலசன் அதுவரை தொழில்முறை ஆட்டங்களில் ஒரு பெனால்டியையும் தடுத்ததில்லை என்று அப்போதே பத்திரிகைகள் எழுதின. கோஸ்டாரிகாவோ ஆறு நாள் முன்புதான் கிரீஸை ஷூட்அவுட்டில் வென்றிருந்தது. அன்று அடித்த ஐவரில் போர்ஹெஸ், ருயிஸ், கோன்சாலெஸ், உமான்யா நால்வர் சால்வடாரிலும் அடித்தார்கள். படிப்பதற்குப் பாடப் புத்தகம் கைவசம் இருந்தது. குருலிடம் விஷயத்தை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். இத்தனைக்கும் நியூகாசில் கோலில் நின்றபோது அவருக்குப் பெனால்டி நிபுணர் என்ற பெயர் கிடையாது. எல்லாவற்றிலும் சிறந்த கோல்கீப்பரை அல்ல, அடுத்த பத்து நிமிட வேலைக்குப் பொருந்திய ஆளைத் தேர்ந்தார்கள். அயாக்ஸில் 1985இல் தொடங்கிய சிந்தனை அதன் கடைசி எல்லைவரை போனது, அவ்வளவுதான்.

சிலசனிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் மனம் கலையக்கூடாது என்பது காரணம். வெளியே வந்தவர் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை உதைத்தார், பிறகு வருத்தமும் தெரிவித்தார். 120 நிமிடம் கோல் விடாதவர் உதைக்காமல் என்ன செய்வார்?

இதை முதலில் செய்தவர்கள் ஹுக் குழுவினர் என்று சொல்லிவிடக்கூடாது. 1996இல் வெம்பிளியில் மார்ட்டின் ஓ'நீல், லெஸ்டர் அணிக்காக ஆறரை அடி உயர ஜெல்கோ கலாச்சை ஷூட்அவுட்டுக்கென்று கடைசி நிமிடத்தில் இறக்கினார். அடுத்த கணமே ஸ்டீவ் கிளாரிட்ஜ் கோல் அடித்துத் தொலைத்தார். கலாச்சுக்கு வேலையே வரவில்லை. உலகக் கோப்பை மேடையில் திட்டம் வேலை செய்ததுதான் மற்றவர்களுக்குத் தைரியம் கொடுத்தது. 2021 சூப்பர் கோப்பையில் செல்சி, மெண்டிக்குப் பதிலாகக் கெபாவை இறக்கி வென்றது. 2022 லீக் கோப்பை இறுதியில் அதையே மறுபடி செய்து 11-10 என்று லிவர்பூலிடம் தோற்றது. கெபா ஒன்றையும் தடுக்கவில்லை, தன் அடியையும் வானத்துக்கு அனுப்பினார். அதே ஆண்டு ஜூனில் ஆஸ்திரேலியா, கேப்டன் மேட் ரையனையே எடுத்துவிட்டு ஆண்ட்ரூ ரெட்மேனை நிறுத்தியது. அவர் கோல் கோட்டில் குதித்து ஆடிய ஆட்டத்தில் பெரு உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. ஆக, இது மந்திரமில்லை, சதவீதக் கணக்கு.

அந்தக் கணக்கின் ஓட்டை சால்வடாருக்கு நான்கே நாளில் தெரிந்தது. சாவ் பாலோ அரையிறுதி, அர்ஜென்டினா, மறுபடி 0-0. ஆனால் 96ஆம் நிமிடத்தில் ஹுண்டலாரை இறக்கியதோடு மூன்று மாற்றங்களும் தீர்ந்திருந்தன. குருல் பெஞ்சில், சிலசன் கோலில், நான்கு அடியும் உள்ளே. எதிர்முனையில் ஃப்ளாரையும் ஸ்னைடரையும் தடுத்த செர்ஹியோ ரொமேரோ, வான் கால் ஆல்க்மார் அணியில் வளர்த்தவர்! சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தின் கடைசியில் மூன்றாவது கோல்கீப்பர் மிஷெல் ஃபோர்மையும் இறக்கி, 23 பேரையும் ஆடவைத்த முதல் உலகக் கோப்பை அணி ஆனது நெதர்லாந்து. அதை நான் பெருந்தன்மைக் கணக்கில்தான் வைப்பேன்.

அடுத்து வான் காலுடன் போன மான்செஸ்டர் யுனைடெட்டில் (2014-16) கோட்பாடு வளைந்துகொடுத்தது. டேவிட் டே கெயா அச்சு அசல் கோட்டுக்காரர். காலாலும் கோல் தடுப்பார், ஆனால் காலால் ஆட்டம் கட்டமைப்பவர் அல்லர். இருந்தும் அந்த இரண்டு சீசன்களிலும் கிளப்பின் சிறந்த வீரர் விருது அவருக்கே. அவரை மாற்றி அமைக்க ஹுக் முண்டவில்லை. அதற்காகவே அவரை மதிக்கிறேன். 2015 ஆகஸ்டில் ரியல் மாட்ரிட் பேரம் நடந்தபோது, ஆட விருப்பமா என்று ஹுக் கேட்டதாகவும் இல்லை என்று டே கெயா சொன்னதாகவும் வான் கால் பத்திரிகையாளர்களிடமே சொல்லிவிட்டார். கோல்கீப்பரும் அவர் பயிற்சியாளரும் தனியே பேசியது செய்தியாளர் கூட்டத்துக்கு வந்திருக்கக்கூடாது. காகிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராமல் பேரம் முறிந்து, டே கெயா செப்டம்பரில் புது ஒப்பந்தமே போட்டார்.

2022 கத்தார் உலகக் கோப்பையில், மறுபடி வான் காலோடு தேசிய அணியில், கடைசி அத்தியாயம். சிலசனை அணியிலேயே எடுக்கவில்லை. செனகலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் நின்றவர் 2.03 மீட்டர் உயர ஆண்ட்ரீஸ் நோப்பர்ட். அதுதான் அவருக்கு முதல் சர்வதேச ஆட்டம். கால்பந்தை விட்டுப் போலீஸ் வேலை பார் என்று சில ஆண்டுகளுக்கு முன் வீட்டார் சொன்ன ஆள். 2-0. காலிறுதியில் மறுபடி அர்ஜென்டினா, 2-2, மறுபடி ஷூட்அவுட். இந்த முறை மாற்றங்களுக்குப் பஞ்சமில்லை, விதிகள் தாராளமாகியிருந்தன. ஆனாலும் கோல்கீப்பரை மாற்றவில்லை. தொடக்கத்திலிருந்தே பெனால்டிக்கும் பொருந்துகிற உடலைக் கோலில் நிறுத்தியாயிற்று என்பது என் கணிப்பு. என்ஸோ ஃபெர்னாண்டஸ் வெளியே அடித்தார், மற்ற நான்கும் நோப்பர்ட்டைத் தாண்டிப் போயின. மறுபக்கம் எமிலியானோ மார்ட்டினெஸ் இரண்டைத் தடுத்தார். 3-4.

எட்டு ஆண்டு இடைவெளியில் அர்ஜென்டினாவிடம் இரண்டு ஷூட்அவுட், எட்டு உள்ளே, ஒன்றுகூடக் கையால் தடுக்கப்படவில்லை. ஹுக்கின் எதிரிகள் இந்த எண்ணைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். இரண்டு தொடரிலும் சேர்த்து, நெதர்லாந்து பெனால்டி தவிர வேறு எந்த வழியிலும் தோற்கவில்லை. 2024 யூரோவில் அந்தக் கோலில் நின்றவர் 21 வயது பார்ட் வெர்பிருகன், பிரைட்டனில் காலால் ஆட்டம் தொடங்கிவைக்கும் கோல்கீப்பர். அவரைத் தேர்ந்தது ஹுக் அல்ல, வேறொரு குழு. ஆனால் கோல்கீப்பருக்குக் கால் எதற்கு என்று ஒரு டச்சுப் பத்திரிகையாளரும் இப்போது கேட்பதில்லை.