இருபுறமும் கருப்பு

பழைய படத்தையோ பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சியையோ இன்றைய அகலப் பெட்டியில் போட்டால் இரண்டு ஓரத்திலும் கருப்பு நிற்கிறது. இதைக் குறை என்று நினைக்காதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இலக்கியம் படிக்கிறவர்களும் விதிவிலக்கல்ல. சென்ற மாதம் கருவேப்பிலங்குறிச்சிக்கு என் வீடு தேடி வந்த ஒரு நண்பர், நல்ல கவிஞர், ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் சண்டை போடக்கூடியவர், ‘அந்த நாள்’ ஓடிக்கொண்டிருந்தபோது ரிமோட்டை எடுத்து ஏதோ பொத்தானை அழுத்தினார். படம் பக்கவாட்டில் விரிந்து திரையை அடைத்தது. “இப்பதான் சரியா இருக்கு” என்றார். சிவாஜி கணேசன் முகம் பூசணிக்காயாகிவிட்டதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதுதான் இதை எழுதக் காரணம்.

கணக்கு எளிது. அந்தக் காலத்துப் படச் சட்டகம் அகலத்தில் நான்கு பங்கு, உயரத்தில் மூன்று பங்கு. 1890களில் எடிசனின் கூடத்தில் டிக்சன் என்பவர் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம் என்று வைத்துக்கொண்டதிலிருந்து வந்தது இது. பேசும்படம் வந்து ஒலிக்கு ஓரத்தில் இடம் விட வேண்டியிருந்தபோது, 1932இல் ஹாலிவுட் அகாடமி அதை 1.37 என்று திருத்தியது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. தொலைக்காட்சி சினிமாவிடமிருந்து அதையே எடுத்துக்கொண்டது. 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி ஆரம்பித்தபோதும் நான்குக்கு மூன்றுதான். 2006இலிருந்து தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குல வண்ணப் பெட்டியும் அதுவே.

இன்றைய பெட்டி பதினாறுக்கு ஒன்பது. எந்தக் கலைஞனும் தேர்ந்தெடுத்த அளவல்ல இது. 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர், புழக்கத்திலிருந்த சட்டகங்களையெல்லாம் ஒரே பரப்பளவில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாகக் கண்டுபிடித்த அளவு. ஆபீஸ் சமரசம் மாதிரி. யாருக்கும் முழுத் திருப்தி கிடையாது, யாருக்கும் பெரிய நஷ்டமும் கிடையாது. இதற்குள் பழைய படம் உயரத்தில் பொருந்தி நின்றால் அகலத்தில் பதினாறில் பன்னிரண்டு பங்குதான் நிறையும். மிச்சம் பக்கத்துக்கு இரண்டு பங்கு கருப்பு.

இதை நிரப்ப வேண்டும் என்று ஆரம்பித்தால் செய்யக்கூடியவை எல்லாமே பாவங்கள்தான். இழுக்கலாம், மனிதர்கள் எல்லாரும் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுவார்கள். வெட்டலாம், மேலும் கீழுமாக உயரத்தில் கால் பங்கு போய்விடும். செய்திச் சானல்கள் செய்வதுபோல் அதே படத்தை மங்கலாக்கி இருபுறமும் ஒட்டலாம். இந்த மூன்றாவதைப் பற்றி எழுதுவது என் தாளுக்குக் கேவலம்.

வெட்டுவது மற்ற இரண்டைப்போல அல்ல. அது நாகரிகமாக இருக்கிறது. யாரும் பருக்கவில்லை, எதுவும் மங்கவில்லை, திரையும் நிறைந்திருக்கிறது. இழந்தது கண்ணுக்குத் தெரியாது. ‘சிம்ப்ஸன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரை 2019இல் டிஸ்னி இப்படி வெட்டிக் காட்டியது. அதில் ஒரு பீர் தொழிற்சாலைக் காட்சி. மூன்று பெயர்களில் மூன்று தொட்டிகள். மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்து அதே பீர் இறங்குகிறது. வெட்டியதில் மேல் குழாய் போயிற்று. கூடவே ஹாஸ்யமும் போயிற்று. மிச்சம் மூன்று தொட்டி. பார்த்தவர்கள் போட்ட கூச்சலில் 2020இல் பழைய சட்டகத்தையும் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். அங்கே கூச்சல் போட ஆள் இருந்தது.

இங்கே 2012இல் ‘கர்ணன்’ (1964) சினிமாஸ்கோப்பாகி மறுபடி தியேட்டருக்கு வந்தபோது கைதட்டினோம். 1.37 சட்டகத்தை வெட்டியே 2.35 ஆக்குவதென்றால் உயரத்தில் பத்துக்கு நான்கு பங்கு போக வேண்டும். தமிழில் சினிமாஸ்கோப் வந்ததே 1973இல், ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு. பந்துலு அதற்கு ஒன்பது வருஷம் முன்னால் எந்தச் சதுரத்துக்குள் தேரையும் மனிதனையும் நிறுத்தினாரோ அது அவருக்கு வறுமையாகவா இருந்தது?

பிலிமில் எடுத்ததற்காவது சில சமயம் பக்கத்தில் உபரி இருக்கும். பிலிமில் எடுத்த சில அமெரிக்கத் தொடர்களை அகலப்படுத்த முடிந்தது அதனால்தான். தூர்தர்ஷனின் வீடியோ நாடாவில் உபரி கிடையாது. 625 கோடுகளில் படம் தாங்கியவை 576. கால் பங்கை வெட்டினால் 432 கோடு. அதை ஊதி 1080 கோட்டுப் பெட்டிக்குக் கொடுத்தால் என்ன தெரியும்? 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது ‘ராமாயணம்’ தொடரை மறுபடி ஒளிபரப்பினார்கள். எங்கள் தெருவில் நான் எட்டிப்பார்த்த வீடுகளில் எல்லாம் இழுத்துத்தான் வைத்திருந்தார்கள். ராமனின் வில் ஒரு கணம் நிமிர்ந்து நிற்கையில் தடித்தும், சாய்த்துப் பிடிக்கையில் நீண்டும் தோன்றியது. ஒரே பொருள் திரும்பும்போது அளவு மாறுகிறதென்றால் அந்த உலகத்தில் நம்பிக்கை வைக்க முடியாது. ஆனால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. என் சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் படம் சினிமாஸ்கோப் என்றால் பெட்டியில் பாதிதான் வரும். கதாநாயகனும் கதாநாயகியும் இரண்டு கோடியில் நின்று பேச, நடுவில் ஒரு பூஜாடி. இருபுறமும் இரண்டு மூக்கு நுனி. அன்று அதற்காக யாரும் கட்டுரை எழுதியதாக நினைவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

நண்பரிடம் திரும்புகிறேன். அவர் கவிதைகள் பக்கத்தின் இடது ஓரத்தில் மெல்லியதாக நிற்பவை. வலப்பக்கம் முழுக்க வெள்ளை. எந்த ஆசிரியராவது இடம் வீணாகிறதென்று வரிகளைச் சேர்த்து ஓட்டினால், அல்லது எழுத்தை அகலமாக்கினால், சந்தாவை நிறுத்திவிடுவார். நிறுத்தியும் இருக்கிறார். அந்த வெள்ளை வரிக்கு வெளியே இருக்கிறது, ஆனால் கவிதைக்கு வெளியே இல்லை என்று அவரே எனக்கு ஒரு ராத்திரி முழுக்க விளக்கியிருக்கிறார். அதே மனிதருக்கு ஒரு காமிராக்காரன் நிறுத்திய ஓரம் மட்டும் ஏன் வெறும் ஓரமாகப் படுகிறது? பெட்டிக்கு நாம் காசு கொடுத்திருப்பதால் என்று நினைக்கிறேன். 43 அங்குலம் வாங்கியவனுக்கு 43 அங்குலமும் வேண்டும். கவிதைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அதனால் அது பிழைத்திருக்கிறது.

என் அப்பா விருத்தாசலத்தில் செராமிக் பட்டறை ஒன்றில் அச்சு செய்கிறவர். பிளாஸ்டர் அச்சில் களிமண் கூழை ஊற்றி எடுக்கிற வேலை. அகல் விளக்கு, யானை, கொலு பொம்மை. சூளையில் வெந்தால் மண் பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பார், அதனால் அச்சை அந்த அளவுக்குப் பெரிசாகச் செய்வார். வெந்து வரப்போகிற யானையை மனசில் வைத்துக்கொண்டு அதைவிடப் பெரிய யானையைச் செதுக்குவது. அளவு என்பது பொருளுக்கு அப்புறம் வருவதல்ல என்று எனக்கு முதலில் காட்டியது அது. விமர்சனப் புத்தகம் எல்லாம் பின்னால் வந்தது.

அவர் இறந்து பதினோரு வருஷமாகிறது. 1988இல் கொளஞ்சியப்பர் கோயிலில் நடந்த அவர் கல்யாணத்தின் வீடியோ காஸெட் ஒன்றுதான் அவர் அசைகிற, நடக்கிற உருவம். அதை பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். வீட்டில் போட்டபோது படம் திரை முழுக்க நிறைந்திருந்தது. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் குட்டையான, கன்னம் புடைத்த ஒரு மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்திருந்தார். என் மகள் தாத்தாவைப் பார்த்ததில்லை. “தாத்தா குண்டா இருந்தாராப்பா?” என்று கேட்டாள். அப்பா ஒட்டடைக் கம்பு மாதிரி ஆள்.

கடையில் இழுத்தேதான் பதிவு செய்திருந்தார்கள். ரிமோட்டில் எதை அழுத்தியும் சரியாகவில்லை. காஸெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், நான்குக்கு மூன்றிலேயே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். “சைடுல கருப்பா வரும் சார், அப்புறம் கம்ப்ளெயின்ட் பண்ணக் கூடாது” என்றார் அந்தப் பையன். வங்கியில் நாங்கள் கையெழுத்து வாங்குவதுபோலவே ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பதிவைப் போட்டேன். கருப்புக்கு நடுவில் அப்பா, கழுத்து நீண்டு, தோள் எலும்பு தெரிய. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தாள்.

“முன்னே போட்டதையே போடுடா” என்றாள். “இதுல எளைச்சுப் போயிட்டாரு மனுஷன்.”