தொட்டால் வேலை செய்யணும், தொடாவிட்டால் சும்மா இருக்கணும்

போன் விமர்சனம் என்றால் கேமராவில் ஆரம்பித்து விலையில் முடிப்பது வழக்கம். பெட்டியைப் பிரித்த ஒரு வாரத்துக்குள் எழுதிவிடுவார்கள். இது 14 மாதம் ஒரு போனோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதுவது. எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று சொல்லப்போவதில்லை. சொல்ல வருவது ஒரு மாடலோடு முடிகிற விஷயம் இல்லை.

பாளையங்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்காக வாங்கியது. சுமார் 15,000 ரூபாய். முதல் நாலு மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அம்மா சொல்ல ஆரம்பித்தாள்: "போன் அடிக்குது ஐயா, எடுக்க மாட்டேங்கு." இன்னொரு நாள்: "நான் தொடவே இல்ல, அதுவா யாருக்கோ போன் போட்டுட்டு." நான் என்ன செய்தேன்? எல்லாப் பிள்ளைகளும் செய்வதைத்தான். "நீங்க சரியா இழுக்கலம்மா, பச்சையை மேல இழுக்கணும்" என்று பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பாடம் எடுத்தேன்.

அக்டோபரில் ஒரு ராத்திரி அப்பாவுக்குச் சுகர் இறங்கி வியர்த்துக் கொட்டியிருக்கிறது. அம்மா ஒரு கையால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, சார்ஜில் கிடந்த போனை எடுத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். ஒரு ரிங்கில் கட் ஆகிவிட்டது. நான் திரும்ப ஐந்து தடவை அடித்தேன். திரையில் என் பெயர் தெரிகிறது, பச்சைப் பொத்தான் நகரவில்லை. கடைசியில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, அவர்கள் போனிலிருந்து பேசினாள். அப்பா தேறிவிட்டார். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் மறக்கவில்லை.

சர்வீஸ் சென்டரில்

ஊருக்குப் போய் சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அரை மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்டேட் போட்டிருக்கோம் சார், டச் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். ரசீதில் 'குறை எதுவும் காணப்படவில்லை'. என் முன்னாலேயே தொட்டுக் காட்டினார் அந்தப் பையன். உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்தோம். சாயங்காலமே பழைய கதை.

இரண்டாவது தடவை போனபோது ஓரத்தில் இருந்த கீறலைக் காட்டி, "ஃபிசிகல் டேமேஜ், வாரண்டியில வராது" என்றார்கள்.

நானே பார்த்தது

இந்தத் திரைகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் மின்னூட்டம் தேங்கும். விரல் கிட்டே வந்தால் அதில் ஒரு துளி குறையும். ஒரு சிப், வினாடிக்குப் பல பத்து தடவை எல்லாச் சந்திப்பையும் அளந்து, எங்கே குறைந்தது என்று கணக்குப் போடுகிறது. அதாவது, திரை நம் விரலை 'உணர்வது' இல்லை, ஊகிக்கிறது. தண்ணீர், காய்ந்துபோன விரல், தடிமனான கண்ணாடி ஒட்டு எல்லாமே அந்த ஊகத்தைக் கெடுக்கும்.

ஆண்ட்ராய்டில் இதை நேரடியாகப் பார்க்கலாம். செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை ஆன் செய்தால், திரை எங்கே தொட்டதாக நினைக்கிறதோ அங்கே கோடு வரைந்து காட்டும். அடுப்படி மேடையில் வைத்து ஒரு நாள் முழுக்கச் சோதித்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, கடைத்தெருவில் வாங்கிய 150 ரூபாய் சார்ஜர். அதை மாட்டினால், நான் தொட்ட இடத்துக்கு நேர் வரிசையில் வேறு இடங்களிலும் புள்ளிகள் முளைத்தன. இதைத்தான் கோஸ்ட் டச் என்கிறார்கள். மட்டமான சார்ஜரின் மின் இரைச்சல் போன் முழுவதையும் ஆட்டுகிறது. நம் விரல் பட்டதும் அது கோடுகளுக்குள் புகுந்துவிடுகிறது. போனோடு வந்த சார்ஜரில் இந்தத் தொல்லை இல்லை. இது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

இரண்டாவதுதான் முக்கியம். எந்தச் சார்ஜரும் இல்லாமல், போன் சூடானதும், திரையின் கீழ்ப்பக்கம் குறுக்கே சுமார் 6 மில்லிமீட்டர் பட்டை செத்துவிடுகிறது. விரலை மேலிருந்து கீழே இழுத்தால் கோடு அந்த இடத்தில் அறுந்து, தாண்டியதும் மறுபடி ஆரம்பிக்கிறது. ஆறியதும் சரியாகிவிடுகிறது. உள்ளே ஏதோ ஓர் இணைப்பு சூட்டில் விலகுகிறது என்பது என் ஊகம். அழைப்பு வரும்போது பச்சைப் பொத்தான் இருப்பது சரியாக அந்தப் பட்டையில். அம்மா சரியாகத்தான் இழுத்திருக்கிறாள்.

சர்வீஸ் சென்டரில் ஏன் குறை தெரியவில்லை? அங்கே ஏசி.

மலிவு போனின் விதியா?

"15,000 ரூபாய்க்கு வேற என்ன எதிர்பார்ப்ப?" என்றான் நண்பன். விலை ஒரு சமாதானம் ஆகாது. 2016இல் ஐபோன் 6 பிளஸில் தொடுதிரை செயலிழக்கும் கோளாறு பெரிய செய்தியானது. பலமுறை கீழே விழுந்ததால் வருவது என்று சொல்லி, ஆப்பிள் 149 டாலர் கட்டணத்தில் பழுது பார்த்துத் தந்தது. ஐபோன் எக்ஸுக்கு 2018இலும், ஐபோன் 11இல் ஒரு பகுதிக்கு 2020இலும் தொடுதிரைக் கோளாறுக்காக இலவச மாற்றுத் திட்டம் அறிவித்தது. ஆக, விலை உயர்ந்தாலும் கோளாறு வரும். வித்தியாசம், ஒப்புக்கொள்வதில்தான். ஊர் உலகம் முழுக்கப் புகார் எழுந்தால் ஒப்புக்கொள்கிறார்கள். தனியாளாகப் போனால் 'குறை எதுவும் காணப்படவில்லை'.

இதில் எனக்கும் பங்கு உண்டு. இருபது வருஷமாக மென்பொருள் எழுதுகிறேன். யாராவது ஒரு பிழையைச் சொன்னால், என் மெஷினில் அது வராவிட்டால், 'மீண்டும் நிகழவில்லை' என்று எழுதி மூடியிருக்கிறேன். எத்தனை தடவை என்று கணக்கே இல்லை. அந்த ரசீதைப் படித்தபோதுதான் அந்த வரிக்கு மறுபக்கம் ஓர் ஆள் இருப்பது உறைத்தது.

வாங்குபவர் கேட்பது என்ன?

விரலால் தொடும் திரையைப் பற்றி இ.ஏ. ஜான்சன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1965இல் எழுதினார். அவர் மனதில் இருந்த பயன்பாடு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. அங்கே ஒரு தொடுகை தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்று அதே தொழில்நுட்பத்தில்தான் நாம் பணம் அனுப்புகிறோம், ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறோம். ஆனால் அட்டைப்பெட்டியில் மெகாபிக்சல் இருக்கிறது, தொடுகை எத்தனை சதவீதம் சரியாகப் பதிவாகும் என்பது இல்லை. 2025 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் போன்களுக்குக் கட்டாய லேபிள் வந்திருக்கிறது. விழுந்தால் தாங்குமா, பேட்டரி எத்தனை சுழற்சி வரும், பழுது பார்ப்பது எளிதா என்றெல்லாம் அதில் உண்டு. தொடுகைக்கு அதிலும் ஒரு கட்டம் இல்லை.

விமர்சகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஈரக் கையோடு ஒரு அழைப்பை எடுத்துப் பாருங்கள். போனைச் சூடாக்கிவிட்டு ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. அறுபது தாண்டிய ஒருவர் கையில் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள்.

வாங்கியவர்களுக்கு: குறை வரும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். அந்த அறுந்த கோட்டின் வீடியோவை இணைத்து நானும் புகார் போட்டிருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன்.

இப்போது அம்மாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய ரகப் போன். "இது அமுக்குனா அமுங்குது ஐயா" என்கிறாள். வாங்குபவரின் எதிர்பார்ப்பு என்று தனியாக ஆராய்ச்சி செய்ய ஒன்றுமில்லை, அந்த ஒரு வரிதான்.