கானரின் கூர்மையும் பிழையும்

ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்லும் நிலையை மருத்துவ உலகம் கவனித்தது, லியோ கானர் 1943இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான். மாஸ்கோவில் மனநல மருத்துவர் குரூன்யா சுகரேவா ஏறக்குறைய இதையே 1925இல் எழுதியிருந்தார். அதை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1930இல் குழந்தை மனநலப் பிரிவைத் தொடங்கியவர் கானர். அவருடைய பலம் கோட்பாட்டில் இல்லை, பார்வையில் இருந்தது. 11 குழந்தைகள் செய்ததையும் சொன்னதையும் அப்படியே எழுதினார். ஒரு பையன் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுழலவிடுகிறான். தன்னைக் குறிக்க ‘நீ’ என்கிறான். அந்தக் குழந்தைகளை அவர் மறக்கவும் இல்லை. 1971இல் அவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்து எழுதினார். அரசு விடுதிகளில் அடைக்கப்பட்டவர்கள் ஒடுங்கிப் போயிருந்தார்கள். ஒரு விவசாயத் தம்பதியிடம் சில ஆண்டுகள் வளர்ந்த பையன் கல்லூரி முடித்து வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது ஆண்டுக்குப் பின்னும் தன் நோயாளிகளைத் தேடிப்போகும் இந்தப் பொறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அதே பார்வை பெற்றோர் பக்கம் திரும்பியபோது தடுமாறியது. அந்தப் பையனின் தந்தை மகனைப் பற்றி 33 பக்கம் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். கானரின் கட்டுரைக்கு உயிர் கொடுத்தவை இத்தகைய குறிப்புகள்தாம். ஆனால் கட்டுரையின் முடிவில் அவற்றையே பெற்றோரின் மிகைப்பிடிவாதத்துக்குச் சான்றாக வைத்தார். குழந்தைக்கு என்ன நேர்ந்தது என்று தவித்து எழுதியவரிடம், இவ்வளவு நுணுக்கமாக எழுதுவதே கோளாறு என்பது எந்த விதத்தில் நியாயம்?

யார் தன்னிடம் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் அவர் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை. 11 தந்தையரில் 4 பேர் மனநல மருத்துவர்கள். தாய்மாரில் 9 பேர் பட்டதாரிகள். அந்தக் காலத்தில் குழந்தை மனநல மருத்துவர் ஒருவரைத் தேடிக் கண்டுபிடிக்க இயன்றவர்கள் இப்படிப்பட்டவர்கள்தாம். மருத்துவமனை வாசல் வடிகட்டிக் கொடுத்ததை நோயின் இயல்பாக அவர் படித்துவிட்டார்.

ஆனால் ஆட்டிசம் பிறவியிலேயே வருவது என்று 1943 கட்டுரையிலேயே எழுதியவரும் அவர்தான். 1941இல் தாய்மாருக்காக வாதாடி ஒரு நூலே எழுதியவர். மனவளர்ச்சி குன்றியவர்களைக் கொல்லலாம் என்ற வாதத்தை 1942இல் வெளிப்படையாக எதிர்த்தவர். இருந்தும் 1949இல், பெற்றோரின் குளிர்ச்சியைச் சுட்டி, உறைபனி இளகாத குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்கள் என்று இந்தக் குழந்தைகளை வருணித்தார். அவர் போகிற போக்கில் சொன்னதை உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் போன்றவர்கள் முழுக் கோட்பாடாக்கினார்கள். 1967இல் வந்த பெட்டல்ஹைமின் நூல் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதையே சிகிச்சையின் ஒரு பகுதியாக்கியது.

1969இல் பெற்றோர் சங்கக் கூட்டமொன்றில் கானர் அந்தப் பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். தன்னைத் தவறாக மேற்கோள் காட்டிவிட்டார்கள் என்றும் சொன்னார். முதல் பாதியை மனமார வரவேற்கிறேன், இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டி உவமை அவர் பெயரிலேயே அச்சேறியது. குழந்தைகளைப் பற்றி எழுதும்போது கடைப்பிடித்த கறார்த்தன்மையை அவர் தன் சொந்த வாக்கியங்களிடம் காட்டவில்லை. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்து மரபணுவின் பங்கை நிறுவும்வரை, பல தாய்மார் தங்கள் அன்பின் அளவை மருத்துவர்களிடம் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.