தீக்குச்சியும் வால் டியூபும்

சைக்கிள் கடையில் வால் டியூப் (வால்வில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாய்) வாங்கிச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்க வேண்டும். தீக்குச்சியின் மருந்தைச் சுரண்டிவிட்டு, துண்டின் இரு முனையிலும் ஒவ்வொன்றாகச் செருகினால் வளையும் மூட்டு தயார். மூன்று குச்சி, மூன்று மூட்டு: முக்கோணம். அழுத்திப் பார்த்தாலும் வடிவம் மாறாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து மூலையில் விரல் வைத்தால் போதும், சாய்ந்துவிடும். குறுக்கே கொஞ்சம் நீளமான குச்சி ஒன்றைக் கொடுத்தால் சதுரமும் அடங்கி நிற்கும்.

மின்கோபுரத்திலும் ரயில் பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று இனி ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இந்த வேலையைப் பரப்பியவர் அர்விந்த் குப்தா. ஐஐடி கான்பூரில் படித்த பொறியாளர். 1978இல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத்துக்குப் போனார். அங்கே 1972இல் 16 பள்ளிகளில் தொடங்கியிருந்த அறிவியல் திட்டத்தில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகள் சோதனைகளாலேயே நடந்தன. தேர்வுக்குப் புத்தகத்தை எடுத்துப் போகலாம்! (மனப்பாடம் செய்தே தேறியவர்களுக்கு வயிறு எரியும்.) 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியது.

குச்சி விளையாட்டு நிற்கவில்லை. முக்கோணத்தின் மூன்று மூட்டுகளிலும் முள்ளால் துளையிட்டு, மேலே மூன்று குச்சிகளை நிறுத்தி உச்சியில் இணைத்தால் நான்முகி. ஆறே குச்சி. முள்ளுக்குக் கருவேலமரம் இருக்கிறது.